பல்லக்கா அழித்த பெரிய நகல்

பல்லக்கா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதைச் சொல்லிக்கொள்ள அவள் என்றைக்கும் கூச்சப்பட்டதில்லை. கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, முதலில் அதைத்தான் சொல்வாள். "நான் அஞ்சாவது. ஆனா இந்த ஊர்ல போர்டு மாட்டியிருக்கிற பல் டாக்டருங்கள்ல பாதிப் பேர் என் கையை நம்பித்தான் காலையில கதவைத் திறக்கறாங்க." சும்மா சொல்லக்கூடாது, அதில் மிகை கொஞ்சம்தான்.

பல்செட் செய்கிற லேப் ஒன்றில் தரை கூட்ட வந்தவள் அவள். கூட்டுகிறவளுக்குக் கண் தரையில் இருக்க வேண்டும்; இவள் கண் மேசை மேல் இருந்தது. பிளாஸ்டர் கலக்குகிற ஆள் வராத ஒரு நாள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இவளே கலக்கினாள். கட்டி தட்டவில்லை, குமிழ் விழவில்லை. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் துடைப்பத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அப்புறம் மெழுகில் பல் அடுக்கப் பழகினாள், பாலிஷ் போடப் பழகினாள், டாக்டர்கள் கோபமாகப் போன் செய்தால் பதில் சொல்லவும் பழகினாள். முதலாளி ஓய்ந்து கடையை மூடியபோது அவருடைய மேசைகளையே கொண்டுவந்து போட்டுத் தன் லேப்பைத் திறந்தாள். டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள். யார் கையையும் பிடித்து மேலே வந்தவள் அல்ல. அந்த மாடிப்படியைக்கூட அவள் கைப்பிடியைத் தொடாமல்தான் ஏறுவாள்.

முன்னறையில் பிளாஸ்டர். அங்கே சுவர், சுவிட்சு, நாற்காலிக் கால் எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். நடு அறையில் பாலிஷ் மோட்டார்கள். உள்ளறையில் ஏசி, கம்ப்யூட்டர், பல் கடைகிற மெஷின். உள்ளறை மருமகளுடைய ராஜ்ஜியம். மகன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் டாக்டர்களுக்குப் பெட்டி கொண்டுபோய்க் கொடுப்பார். வாய் சும்மா இருக்காத மனுஷன்.

கம்ப்யூட்டர் வந்த புதிதில் பல்லக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. "வாய்க்குள்ள கேமராவை விட்டுப் படம் எடுத்து, அதை வெச்சுப் பல்லு செய்வாங்களாம். அப்போ என் விரல் எதுக்கு, காது குடையவா?" என்றாள். கொஞ்ச நாளில் பேச்சு மாறிவிட்டது. "இந்த மெஷினை முதல்ல துணிஞ்சு வாங்கினவளே நான்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். மருமகள் சிரித்துக்கொள்வாள். அத்தையின் பெருமையில் தனக்கும் ஒரு பங்கு இருப்பது அவளுக்குத் தெரியும்.

அந்த லேப்புக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. பழையது முதலில் வெளியே. பிளாஸ்டர் மூட்டை பழசானால் ஈரம் இழுத்துக்கொள்ளும், இறுகாது. பல்செட் வார்க்கிற பொடி பழசானால் குமிழ் போடும். அதனால் ஒவ்வொரு டப்பா மேலும் தேதி எழுதியிருக்கும், மாசக் கடைசியில் பழைய தேதியெல்லாம் குப்பைக்குப் போகும். "பழசை வெச்சு வேலை செஞ்சா வாயில நிக்காது" என்பாள். அவளுடைய லேப்பிலிருந்து போன செட் ஒன்று திரும்பி வந்தது என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பெயர் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு டீச்சர் வந்தார்.

ஒரு டாக்டரே நேரில் கூட்டி வந்தார். டீச்சருக்கு மேல்தாடையில் கட்டி. அறுத்து எடுக்கும்போது வலது பக்கப் பற்களோடு அண்ணத்திலும் ஒரு பகுதி போய்விடும். வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் ஓட்டை விழும். காயம் ஆறிய பிறகு அந்த ஓட்டையை அடைத்துப் பற்களையும் தாங்குகிற ஒரு தட்டு செய்து மாட்ட வேண்டும். அறுப்பதற்கு முன்பே வாயைக் கேமராவில் ஸ்கேன் எடுத்து வைத்தால், பின்னால் தட்டை அச்சு அசலாக அதே வடிவத்தில் செய்யலாம். நாக்கு எந்த இடத்தைத் தொட்டுப் பேசிப் பழகியதோ அந்த இடம் மாறாது.

"எனக்கு அழகா வேண்டாம்மா" என்றார் டீச்சர். "வரிசையா, வெள்ளையா, அதெல்லாம் வேண்டாம். என் வாயே வேணும். நான் பேசிப் பிழைக்கிறவ."

"உங்க வாய் என்கிட்ட பத்திரமா இருக்கும் டீச்சர். நீங்க தைரியமாப் போய்ப் படுங்க" என்றாள் பல்லக்கா.

ஸ்கேன் வந்து சேர்ந்தது. டீச்சருக்கு அறுவை முடிந்தது. காயம் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

அதற்கு நடுவில் ஒரு நாள் மருமகள் பிடிவாதம் பிடித்துக் கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தாள். கம்ப்யூட்டர் படுத்தால் என்ன ஆவது என்பது அவள் கவலை. கம்ப்யூட்டர்காரர் கையகலத்தில் ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரோடு செருகினார்.

"அக்கா, இன்னைக்கு இதுல இருக்கிற எல்லாத்தையும் அப்படியே நகல் எடுத்துடறேன். இது பெரிய நகல். இனிமே தினம் சாயங்காலம், அன்னைக்கு எது புதுசா வந்துதோ, எது மாறிச்சோ, அதை மட்டும் தனியா எடுத்து வெச்சுக்கும். அது சின்ன நகல். தினமும் முழுசா எடுத்தா நேரமும் ஆகும், இடமும் பத்தாது."

"புரிஞ்சுது தம்பி."

"ஒருவேளை கம்ப்யூட்டர் போயிடுச்சுன்னா, பெரியதை முதல்ல போட்டு, அது மேல சின்னதுங்களை ஒண்ணொண்ணா..."

"அதான் புரிஞ்சுதுன்னேனே. அஞ்சாவது படிச்சாலும் மண்டையில களிமண் இல்ல."

அவர் வாயை மூடிக்கொண்டார். பல்லக்காவுக்குப் புரிந்தது உண்மைதான். ஆனால் என்ன புரிந்தது என்றால், தினமும் புதுசு வருகிறது, பழசு ஒன்று பெரிதாக உட்கார்ந்திருக்கிறது.

பிறகு மருமகளுடைய அக்காவுக்குப் பிரசவம். துணைக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்று மருமகள் கிளம்பிப் போனாள். அவள் இல்லாத ஒரு மத்தியானம், கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக ஒரு பெட்டி எழுந்து நின்றது. நகல் எடுக்கிற டிஸ்க்கில் இடம் இல்லை.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "மருமகளுக்கு ஒரு போனைப் போடு."

"எதுக்கு? பிள்ளை பெத்த இடத்துல அவளுக்கு வேலை இல்லையா? இடம் இல்லைன்னா இடம் பண்ணணும். இதுக்கு ஒரு படிப்பா?"

டிஸ்க்கைத் திறந்து பார்த்தாள். எறும்பு வரிசை மாதிரிச் சின்னச் சின்ன நகல்கள், எல்லாவற்றுக்கும் மேலே பூதம் மாதிரி ஒன்று. தேதியைப் பார்த்தாள். இருப்பதிலேயே பழையது. முக்கால்வாசி இடத்தை அதுவே அடைத்துக்கொண்டு கிடந்தது. அழித்தாள். குப்பையைக் காலி செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதையும் செய் என்றாள். எதையும் அரைகுறையாக விடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. இருந்த கை வேகத்தில், டீச்சரைக் கூட்டி வந்த டாக்டருடைய கிளினிக்கும் இந்த லேப்பும் இணையத்தில் சேர்ந்து வைத்திருந்த பொது ஃபோல்டரையும் திறந்தாள். கிளினிக்கில் அந்த ஃபோல்டரில் ஸ்கேனைப் போட்டால் இங்கே வந்து விழும். இங்கே கம்ப்யூட்டரில் இறக்கி வைத்த பிறகு அங்கே எதற்குக் கிடக்க வேண்டும்? அதையும் பெருக்கித் தள்ளினாள். சிவப்புப் பெட்டி மறைந்தது.

"பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன், பாத்தேன். துடைப்பம் போனாலும் கை போகலை" என்றார் வீட்டுக்காரர்.

மருமகள் ஊரிலிருந்து திரும்பி, பழையபடி வேலை ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் தோறும் சின்ன நகல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் போன் செய்தார்: டீச்சருக்குக் காயம் நன்றாக ஆறிவிட்டது, தட்டைத் தொடங்கலாம். தொடங்கலாம் என்று மருமகள் உட்கார்ந்தபோது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. நகத்தால் தகரத்தைச் சுண்டுகிற மாதிரி. கொஞ்ச நேரம் சுண்டியது. அப்புறம் திரை கறுத்தது. கம்ப்யூட்டர் பல்லை இளித்துவிட்டது.

"போனாப் போகட்டும்" என்றாள் பல்லக்கா. "நகல் இருக்குல்ல? இதுக்குத்தானே அந்தத் தம்பியை வரவழைச்சோம்."

கம்ப்யூட்டர்காரர் வந்து, நகல் டிஸ்க்கைத் தன் மடிக்கணினியில் செருகிப் பார்த்தார். மேலே போனார், கீழே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அக்கா, பெரிய நகல் எங்க?"

"அது பழசு. எடுத்துப் போட்டுட்டேன்."

"எங்க போட்டீங்க அத்தை?" என்றாள் மருமகள்.

"குப்பையில. அதையும் காலி பண்ணிட்டேன்." சொல்லும்போதே இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்தாள். "ஏன்? புதுசெல்லாம் இருக்கே!"

கம்ப்யூட்டர்காரர் நல்ல மனிதர். குரலை உயர்த்தவில்லை. "சின்ன நகல்ல அன்னன்னைக்கு வந்தது மட்டும்தான் இருக்கும்க்கா. நான் இதை மாட்டினதுக்கு அப்புறம் வந்த வாய்ங்க எல்லாம் அதுல இருக்கு. அதுக்கு முன்னாடி வந்தது எல்லாமே பெரியதுல மட்டும்தான்."

"அடித்தட்டு இல்லாம பல்லை மட்டும் வெச்சிருக்கேன்" என்றாள் பல்லக்கா மெதுவாக.

"அதேதான்."

"டீச்சர் முன்னாடியே வந்தவங்க" என்றாள் மருமகள்.

மற்ற வாய்களைத் திரும்ப ஸ்கேன் எடுக்கலாம். ஒரு சங்கடம், ஒரு மன்னிப்பு, அதோடு போகும். டீச்சருடைய மேல்தாடை இப்போது இந்த உலகத்தில் இல்லை. அறுத்து எறிந்தாகிவிட்டது. அது இருந்த ஒரே இடம் இந்த லேப்.

கிளினிக்குக்குப் போன் போட்டாள். அங்கே பொது ஃபோல்டர் காலியாகக் கிடந்தது. டாக்டர் தன்னிடம் தனியாக எதையும் வைத்துக்கொள்ளவில்லை. "அதான் உங்களுக்கு அனுப்பிட்டேனேம்மா" என்றார். "நீங்க தொலைக்கிற ஆளா?"

"பொது ஃபோல்டர் நகல் இல்லக்கா, கண்ணாடி" என்றார் கம்ப்யூட்டர்காரர். "இங்க இருக்கிறது அங்க தெரியும். இங்க எடுத்தா அங்கயும் போயிடும். அழிச்சதைக் கொஞ்ச நாள் வெச்சிருப்பாங்க, அந்தக் கெடுவும் தாண்டிடுச்சு."

"கண்ணாடி முன்னாடி பல்லைக் கழட்டினா, கண்ணாடிக்குள்ள இருக்கிறவனுக்கும் பொக்கைதான்" என்றார் வீட்டுக்காரர். யாரும் சிரிக்கவில்லை. அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

"வேற வழியே இல்லையா தம்பி?"

"ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டருக்குள்ள இருந்தது ஒரேயடியாப் போச்சு, ஆனா இந்த நகல் டிஸ்க்குல அழிச்சா பேரு மட்டும்தான் அழியும். உள்ள இருக்கிற சரக்கு அங்கயேதான் கிடக்கும், அது மேல வேற எதையாவது எழுதற வரைக்கும். தோண்டிப் பார்க்கலாம்."

"எழுதியிருக்கா?"

"தினம் சாயங்காலம் சின்ன நகல் எழுதிக்கிட்டே இருந்ததே. எந்த இடத்துல போய் உட்கார்ந்துதுன்னு சொல்ல முடியாது. நான் எடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் இதை யாரும் தொடக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "குறிப்பா நீங்க" என்றார்.

அவர் போனதும் மருமகள், "என்ன வருதுன்னு பாத்துட்டு அப்புறமா டீச்சர்கிட்ட சொல்லலாம் அத்தை. மெஷின் ரிப்பேர்னு சொன்னா யாரும் கேக்கப் போறதில்ல" என்றாள்.

அது பொய்யும் அல்ல. மெஷின் ரிப்பேர்தான். பல்லக்கா பிளாஸ்டர் அறையில் போய் உட்கார்ந்தாள். கலக்குகிற கிண்ணத்தில் காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் பெயர்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் யார் முன்னாலும் தலை குனிந்து நின்றதில்லை. அந்தப் பெருமையைக் காப்பாற்றிக்கொள்ள இப்போது ஒரு சின்ன வாக்கியம் போதும். ஆனால் தட்டு வரும் வரும் என்று அந்த அம்மாள் அங்கே காத்திருப்பார். கடைசியில் அளவில்லாத ஏதோ ஒன்றைச் செய்து மாட்டிவிட்டு, இதுதான் உங்கள் வாய் என்று சொல்ல வேண்டி வரும். அதை அவள் கை செய்யாது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஒரு பக்கம் முழுக்க விடைத்தாள்கள். யாரோ திருத்தச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பேசுகிற வேலை இல்லாததால் அந்த வேலை. ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட தற்காலிகத் தட்டு சரியாக அடைக்கவில்லை. டீச்சர் பேசினால் பாதி மூக்கு வழியாகப் போய்விடும். அதனால் மடியில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை வைத்து எழுதிக் காட்டினார். கையெழுத்து மணி மணியாக இருந்தது.

பல்லக்கா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டிஸ்க், சின்ன நகல், பெரிய நகல், கண்ணாடி, ஒன்று விடாமல். டீச்சர் குறுக்கே எதுவும் எழுதவில்லை. முடிந்த பிறகு எழுதினார்.

"யார் அழித்தது?"

"நான்தான் டீச்சர்."

"ஏன்?"

"பழசுன்னு நினைச்சுட்டேன்."

டீச்சர் பலகையைத் துடைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். பிறகு எழுதினார்: "பழசுதான். அதைத்தானே கேட்டேன்."

வீட்டுக்காரர் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் அவளை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். பலகையில் புதிதாக ஒரு வரி: "எப்போது தெரியும்?"

"அந்தத் தம்பி தோண்டிக்கிட்டிருக்கார். என்ன வந்தாலும், வராட்டியும், நானே வந்து சொல்றேன். போன்ல சொல்ல மாட்டேன்."

டீச்சர் தலையசைத்தார். அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டார். அதுதான் போகலாம் என்பதற்கு அடையாளம்.

கம்ப்யூட்டர்காரர் வந்த அன்று மாடிப்படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டதுமே பல்லக்கா பாலிஷ் மோட்டாரை நிறுத்தினாள். தோண்டியதில் வந்த சரக்கை மருமகள் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தாள். பல வாய்கள் போய்விட்டிருந்தன. சில திறந்தன, சில பாதியில் கிழிந்த துணி மாதிரி நின்றன. ஒவ்வொரு ஆளுக்கும் மூன்று ஸ்கேன் உண்டு: மேல்தாடை, கீழ்தாடை, இரண்டும் சேர்ந்து கடிக்கும்போது எப்படிப் பொருந்துகிறது என்று ஒன்று. டீச்சர் பெயரில் முதலில் கீழ்தாடையைத் தட்டினாள். திறக்கவில்லை. கடிப்பதைத் தட்டினாள். அதுவும் திறக்கவில்லை. மருமகளுடைய விரல் மூன்றாவது பெயருக்கு மேல் நின்றுவிட்டது.

"தட்டும்மா. ஆவறது ஆகட்டும்" என்றாள் பல்லக்கா.

மேல்தாடை திறந்தது. மருமகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கும் ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருந்தது. அண்ணத்தின் மடிப்புகள்கூட அப்படியே இருந்தன.

"கீழ்தாடை டீச்சர் வாயிலயே இருக்கு, எடுத்துக்கலாம்" என்றாள் மருமகள். "கடி மட்டும்தான் போச்சு. மேல்பக்கம் இல்லாம அதைத் திரும்ப எடுக்க முடியாது."

"அதை நான் பாத்துக்கறேன். வாயில வெச்சுப் பாத்துத் தேய்ச்சுக்கலாம்" என்றாள் பல்லக்கா. அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிளாஸ்டர் பொடி கண்ணில் விழுந்துவிட்டதாம்.

அன்றைக்குக் கம்ப்யூட்டர்காரரை அவள் சுலபத்தில் விடவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். இந்தத் தடவை புரிந்துவிட்டது என்று நடுவில் சொல்லவே இல்லை. முடிவாக மாதம் ஒரு பெரிய நகல், தினம் ஒரு சின்ன நகல், அடுத்த பெரியது சரியாக வந்து சேரும் வரை முந்தைய பெரியதைத் தொடக்கூடாது என்றானது. டிஸ்க் ஒன்றுக்கு இரண்டு. ஒன்று லேப்பில், ஒன்று வீட்டுக்காரரோடு வீட்டுக்கு. டயர் கடை தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்து எரியக்கூடாது என்பது காரணம். வீட்டில் இருக்கிறது எதோடும் செருகப்பட்டிருக்காது, அதனால் எந்த வைரஸும் அதைத் தேடி வராது.

"இவ்வளவு செஞ்சா போதும்க்கா" என்றார் அவர்.

"போதாது தம்பி. ட்ரையல் பாக்காத செட்டை நான் யார் வாயிலயாவது வெச்சு அனுப்பியிருக்கேனா? வாராவாரம் அந்த நகல்லேர்ந்து கண்ணை மூடிக்கிட்டு ஒரு வாயை எடுக்கணும். திறக்கணும். திறந்தாத்தான் அது நகல். திறக்காட்டி வெறும் டப்பா."

கம்ப்யூட்டர்காரர் மருமகளைப் பார்த்தார். "இதை நான்தான் சொல்லியிருக்கணும்."

"சொல்ல வந்தீங்க. நான்தான் விடலை" என்றாள் பல்லக்கா.

சொன்னபடியே அன்று சாயங்காலம் பல்லக்கா டீச்சர் வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிவிட்டு வந்தாள். தட்டு தயாரானதும் கிளினிக்கில் ட்ரையல். பல்லக்காவே போனாள். டாக்டர் தற்காலிகத் தட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்றினார். அது க்ளிக் என்று உட்கார்ந்தது. நீலத் தாளைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். வலது பக்கம் அடர்ந்த நீலமாக விழுந்தது. அந்தப் பக்கம் உயரம். கடி ஸ்கேன் இருந்திருந்தால் இந்த வேலையே இல்லை. பல்லக்கா வாங்கித் தேய்த்தாள், கொடுத்தாள். மறுபடி நீலம். மறுபடி தேய்த்தாள்.

டீச்சர் கடித்துப் பார்த்தார். நாக்கை மேலே சுழற்றினார். முன்பல்லின் பின்புறத்தைத் தொட்டு, அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார். பலகையைத் தேடிக் கை மடிக்குப் போனது, பாதியில் நின்றது.

"பின்னாடி இன்னும் இடிக்குது" என்றார்.

குரல் மூக்கு வழியாக ஒரு துளியும் போகவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"எங்க டீச்சர், கடைசிப் பல்லா?" என்றாள் பல்லக்கா.

"கடைசிக்கு முந்தினது. நீங்க அவசரப்பட்டுத் தேய்க்கறீங்க. கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. டாக்டர், நீங்க பக்கத்துலயே இருங்க, இந்தம்மா கையில குடுத்தா பழசுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

"போட மாட்டேன், குடுங்க" என்று பல்லக்கா கையை நீட்டினாள்.

டீச்சர் அவளை ஒரு கணம் பார்த்தார். தட்டைத் தானே கழற்றி, அந்த உள்ளங்கையில் வைத்தார்.